ஆடாத படகு

பெரிய வெள்ளிக்கிழமையன்று மண்ணில் இரும்பு படக்கூடாது. சதுப்புக்காட்டு ஊரான ஆன்ஸ் நுவாரில் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆவதற்கு முன்பே தெரிந்துவிடும் சங்கதி இது. அன்றைக்கு மண்வெட்டிகள் சுவரில் சாய்ந்து கிடக்கும். கோழிக்கூண்டுக்குக் கம்பம் நட ஆரம்பித்தவன் அரைக் குழியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவான். படகுக்காரர்கள் நங்கூரம் போடமாட்டார்கள், சைப்ரஸ் மரத்தில் கயிறு கட்டி நிறுத்துவார்கள். மீறிக் குத்தினால் மண் ரத்தம் சிந்தும். சிந்தவைத்த ஆள் அடுத்த பெரிய வெள்ளி வரைக்கும் அந்த மண்ணை விட்டு வேறு ஊரில் போய்க் குடியிருக்கக் கூடாது. காயப்படுத்தியவன்தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சாமியார் கோயிலில் பிரசங்கம் வைப்பார். வைத்துவிட்டு, அன்றைக்குத் தன் தோட்டத்துப் பக்கமே போகாமல் அறைக்குள் உட்கார்ந்திருப்பார்.

இந்தச் சட்டத்தால் ஆதாயம் பார்த்தவன் ஊரில் செனோன் ஒருவன்தான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி ஒலித், மோர்கன் சிட்டியில் இருக்கும் தன் சித்தி வீட்டோடு போய்விடலாம் என்று பெட்டி கட்டினாள். சித்தி இரண்டு பேருக்கும் இறால் கம்பெனியில் வேலை பார்த்து வைத்திருந்தாள். செனோனுக்கு அந்தச் சித்தி என்றாலே ஆகாது. அந்தப் பெரிய வெள்ளியன்று வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து இரும்புக் கரண்டியால் தூண்டில் புழு தோண்டிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, கிழமையே மறந்துபோச்சு என்றான். ஒலித் அவனை என்னவெல்லாம் திட்டினாள் என்பதை எழுத முடியாது. ஆனால் பெட்டியைப் பிரித்துவிட்டாள். மண்ணை மீறிப் போக அவளுக்கும் துணிச்சல் இல்லை.

மீனுக்கு விடும் அம்பின் முனையும் இரும்புதான். ஆழமில்லாத தண்ணீரில் குறி தவறினால் அம்பு நேரே சேற்றில் போய்க் குத்தி நிற்கும். கெண்டையை அடித்தால் அதன் உடம்பைத் துளைத்துக்கொண்டு போய் மண்ணைத் தொட்டுவிடும். கவச மீன் மட்டும் அப்படி விடாது. முதலை மூஞ்சி, ஆள் நீளம், செதில் ஒவ்வொன்றும் ஓட்டுச்சில்லு மாதிரி. தூரத்திலிருந்து சாய்த்து விட்டால் அம்பு செதிலைப் பிளந்து உள்ளே போய் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பெரிய வெள்ளியன்று கவச மீனை மட்டும் அடிக்கலாம், அதுவும் குறி தவறாத ஆளாக இருந்தால். ஆன்ஸ் நுவாரில் அப்படி ஓர் ஆள்தான் உண்டு. ஓதேயா. அன்றைக்குத் தெருவில் எந்த வீட்டு வாணலியில் மீன் உருண்டை பொரிந்தாலும் அது அவள் அம்பில் வந்த மீன்தான்.

அவள் முன்னால் நின்று வில்லைப் பிடிப்பாள். பின்னால் நின்று நீளக் கழியை ஊன்றிப் படகைத் தள்ளுகிறவன் அத்ராஸ். கழி மரம், அது மண்ணில் படலாம்.

அத்ராஸுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இளவட்ட வயதில் மிசிசிப்பியில் இழுவைக் கப்பலில் வேலைக்குப் போனவன், முதல் சம்பளத்தில் மெம்ஃபிஸ் கடைத்தெருவில் ஒரு நீலத் துணி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். தலையில் கட்டிக்கொள்கிற துணி. அதை யாருக்குக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியும். வந்து இறங்கிய அன்று ஓதேயாவுக்கும் ஃபெலிசியனுக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. ஃபெலிசியன் வேறு யாருமில்லை, அவனுடைய உயிர்ச் சிநேகிதன். மாப்பிள்ளைத் தோழனாக நின்றதும் அத்ராஸ்தான், பிறந்த பெண் வெர்னிஸுக்கு ஞானத்தகப்பனாகக் கையில் ஏந்தி நின்றதும் அத்ராஸ்தான். ஃபெலிசியன் மாரடைப்பில் போன பிறகு அவன் விட்டுப்போன கழியை எடுத்துக்கொண்டான். வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்த வீட்டு வாசலில், சாயங்கால நேரத்தில், தனக்கென்று ஒரு நாற்காலி கிடந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொள்வான். 

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்ராஸ் தன் அக்கா, செனோன் மனைவி ஒலித்தின் அடுக்களையில் உட்கார்ந்திருந்தான். ஒலித் ஈஸ்டருக்கு முட்டைகளை வெங்காயத் தோலோடு வேகவைத்துச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஓதேயா சாமானை ஏத்த திங்கட்கிழமை டிரக் வருதாமே," என்றாள்.

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சு என்ன பண்ணப்போறே? பெட்டி தூக்கிவிடப் போறியா?"

"கேட்டா தூக்கித்தானே ஆகணும்."

"தூக்குடா. நல்லாத் தூக்கு. அவளையும் தூக்கி டிரக்குல உக்காரவச்சு, டாட்டா காட்டிட்டு வா. வாயில என்னடா வச்சிருக்கே, மீன் உருண்டையா? ஒரு வார்த்தை, 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை. வரி போடறாங்களா அதுக்கு?"

"அவ பொண்ணு வீட்டுக்குப் போறா. நான் யாரு போகாதேன்னு சொல்ல?"

"அதைத்தாண்டா அவளும் கேட்டுக்கிட்டிருக்கா. 'அத்ராஸ் யாரு?'ன்னு. நீ சொன்னாத்தானே அவளுக்குத் தெரியும்?"

வாசலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த செனோன் உள்ளே பார்த்துச் சிரித்தான். "விடு ஒலித். இவன் கழி ஊன்றதுல கெட்டிக்காரன். படகும் ஆடாது, இவன் நாக்கும் ஆடாது."

"நீ பேசாதே, தொட்டில்," என்றாள் ஒலித்.

செனோனுக்கு ஊரில் அதுதான் பேர். வில்லை இழுத்துப் பிடித்து நிற்கிறவருக்குப் பின்னால் படகு ஆடக்கூடாது. அதைவிட வெட்கக்கேடு கழி ஊன்றுகிறவனுக்குக் கிடையாது. செனோன் வாலிபத்தில் ஒரே ஒரு தடவை, தும்மல் வந்து, ஆட்டிவிட்டான். நின்றவர் தண்ணீரில் விழுந்தார். அன்றிலிருந்து அவன் தொட்டில். கோயிலில் காணிக்கை எடுக்கிறவர்கூட, "தொட்டில், கொஞ்சம் நகர்ந்துக்க," என்பார். அத்ராஸ் ஒரு தடவைகூட ஆட்டியதில்லை. குளவி கொட்டியபோதும் ஆட்டியதில்லை. அவனிடம் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஓதேயா வீட்டு அடுக்களை பாதி காலியாகக் கிடந்தது. இரும்பு வாணலிகள் பழைய தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. ஒன்று மட்டும் அடுப்பின்மேல், இன்றைக்கு உருண்டை பொரிக்க. வெர்னிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள், அவளுக்கு மாசம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் டால்ட்டன் டெக்ஸாஸ்காரன், போர்ட் ஆர்தரில் எண்ணெய் ஆலையில் வேலை. நல்ல பையன்தான். பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டே அத்ராஸைப் பார்த்து, "வாங்க மாமா," என்றான்.

ஓதேயா காப்பி ஊற்றினாள். தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள், கழுத்தோரம் நரைத்திருந்தது. அத்ராஸ் எப்போதும் படகின் பின்னாலிருந்து பார்க்கிற கழுத்து. அதை இனிமேல் பார்க்கப் போவதில்லை என்று நினைத்ததும் காப்பி கசந்தது.

"மாமா, நீங்களே சொல்லுங்க," என்றாள் வெர்னிஸ். "நான் சொன்னா அம்மா காதுல போட்டுக்க மாட்டேங்குறாங்க. வர்றேன்னும் சொல்றாங்க, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கவும் செய்றாங்க. இந்தத் தண்ணிக்காட்டுல இவங்க தனியா கிடக்கறதை நெனச்சா எனக்கு அங்க தூக்கம் வரமாட்டேங்குது. ஒரு காய்ச்சல், ஒரு தலைவலின்னா யாரு இருக்கா? அம்மா இங்க தனியாத்தானே இருக்காங்க?"

ஓதேயா அடுப்பின் பக்கம் திரும்பி நின்றாள். ஆனால் கையில் இருந்த கரண்டி நகரவில்லை. அத்ராஸ் அதைப் பார்த்தான். அவள் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள் என்பதும் அவனுக்குப் புரிந்தது. 'தனியா இல்லைம்மா, நான் இருக்கேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. டால்ட்டன் நாடாவைச் சர்ரென்று இழுத்தான். அதற்குள் வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

"ரோடு," என்றான் அத்ராஸ். "போர்ட் ஆர்தருக்கு ரோடு நல்லாயிருக்குமா?"

"சூப்பரா இருக்கும் மாமா," என்றான் டால்ட்டன். "புதுசாப் போட்டிருக்காங்க."

ஓதேயா கரண்டியை டங்கென்று வைத்தாள். "கிளம்பு. வெயில் ஏறினா மீன் உள்ள போயிடும்."

சிவப்பாற்று வெள்ளம் வந்து பாதி வடிந்திருந்தது. அந்த வெள்ளம் வந்துபோனால் சதுப்பு முழுக்கச் செம்மண் படிந்து, தண்ணீருக்கு அடியில் தரை செங்கல் பொடி தூவின மாதிரி இருக்கும். மேலே தண்ணீர் தெளிந்து, சைப்ரஸ் மரங்களின் வேர் முட்டிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காற்றில்லை. தெற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தாலும் மழை மத்தியானத்துக்கு முன்னால் வராது. புல்லுக்குள் முழங்கால் ஆழத் தண்ணீர். கவச மீன்கள் முட்டை போட ஏறி வருகிற இடம் அது.

அத்ராஸ் கழியை ஊன்றினான். கழி ஊன்றுவதில் பலம் ஒன்றுமில்லை, எடுப்பதில்தான் இருக்கிறது. சேற்றிலிருந்து உருவும்போது சத்தம் வந்தால் மீன் ஓடிவிடும். கழியைக் கொஞ்சம் திருகி, சேறு தானாக விடுகிறவரை பொறுத்து, பிறகு எடுக்க வேண்டும். ஓதேயா முன்னால் கால் அகட்டி நின்றாள். வில்லில் கட்டியிருந்த தகரக் குவளையில் கயிறு சுற்றியிருந்தது, அதன் மறுமுனை அம்பில்.  

கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே சொன்னாள். "ரோடு நல்லாயிருக்காம். சந்தோஷமா?"

அத்ராஸ் கழியைத் திருகினான்.

"புதுசாப் போட்டிருக்காங்களாம். நானும் போய்ப் பாக்கறேன். பார்த்துட்டு உனக்கு எழுதிப் போடறேன்."

"ஓதேயா..."

"ச்சூ. அந்தப் புல்லுகிட்ட. நிறுத்து."

நிறுத்தினான். அவள் வில் உயர்ந்தது. மீன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்காது, அதற்குக் கீழேதான் இருக்கும். தண்ணீர் செய்கிற பொய் அது. அவள் அந்தப் பொய்யைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவள். நாண் அதிர்ந்தது. புல் கலைந்தது, கயிறு விறுவிறுவென்று ஓடியது. கவச மீன் வாலை அடித்துத் தண்ணீரைக் கலக்கிற கலக்கில் இருவரும் நனைந்தார்கள். அத்ராஸ் கழியை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். பல்லுக்குத் தப்பி, கட்டையால் மண்டையில் ஒரு போடு போட்டுப் படகுக்குள் உருட்டினான். அம்பு செதிலுக்குள் பாதியில் நின்றிருந்தது. முனையைப் பார்த்தான். சேறு இல்லை.

"சுத்தம்," என்றான்.

"தெரியும்," என்றாள் அவள்.

இப்படியே புல் விளிம்போரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். படகின் நடுவில் மீன்கள் விறகுக்கட்டை மாதிரி அடுக்கிக் கிடந்தன. ஒலித் வீட்டுக்கு, சாமியாருக்கு, நடக்க முடியாத தந்திக்காரர் வீட்டுக்கு என்று அவள் ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். இனி இவற்றின் முதுகைக் கோடாலியால் பிளந்து, தகரம் வெட்டுகிற கத்தரியால் தோலைத் திறந்து, சதையை நரம்பிலிருந்து ஸ்பூனால் சுரண்டி எடுக்க வேண்டும். வயிற்றில் முட்டை இருந்தால் கோழி எட்டாத இடத்தில் குழிக்குள் போட வேண்டும், அது விஷம். இன்றைக்குக் குழியும் தோண்ட முடியாது, ஒரு வாளியில் மூடி வைத்து நாளைக்குத்தான் புதைக்க வேண்டும். போன வருஷம் அந்த வாளியை ஓதேயா வீட்டு வாசலில் இருவருமாகத்தான் மூடினார்கள். இதையெல்லாம் அடுத்த வருஷம் யார் செய்வார்கள் என்று அத்ராஸ் நினைத்தான். செய்யாவிட்டால்தான் என்ன. உருண்டை இல்லாமல் ஊர் ஒன்றும் செத்துவிடாது. அவன்தான் என்ன ஆவான் என்று தெரியவில்லை.

ஒரு வளைவில் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. ஒரு பெரிய பெண் மீன் புல்லோடு புல்லாகக் கிடக்க, சின்ன ஆண் மீன்கள் அதைச் சுற்றி உரசிக்கொண்டும் முட்டிக்கொண்டும் சுழன்றன. ஓதேயா வில்லைத் தாழ்த்திவிட்டாள். முட்டை போடுகிற மீனை அவள் அடிப்பதில்லை.

"பாரு," என்றாள். "ஒரு பொம்பளைக்கு எத்தனை பேர் போட்டி! இதுல ஒருத்தனாவது ரோட்டைப் பத்திக் கேக்கறானா பாரு."

அத்ராஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"போனதும் எனக்கு அங்க என்ன வேலை தெரியுமா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. குரல் தணிந்திருந்தது. "டால்ட்டன் நல்லவன். எனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கான். ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் செவரு. பிள்ளை பொறந்தா கொஞ்சலாம், நெசந்தான். வெர்னிஸ் இங்க வந்து பெத்துக்கிட்டா எனக்கு ஒரு குறையும் இல்ல. அவ அதுக்கு சம்மதிக்க மாட்டா, நீ தனியா என்ன பண்ணுவேன்னு கேக்கறா. நான் தனியாவான்னு எனக்கே தெரியல, அவளுக்கு என்ன பதில் சொல்ல?"

கழி சேற்றில் நின்றது. அத்ராஸ் அதை எடுக்க மறந்திருந்தான். இப்போது சொல்லலாம். பக்கத்தில் ஆளில்லை. டால்ட்டனின் நாடா இல்லை. ஒரு கொக்கு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"எங்கிட்ட கேக்கறதுக்கு ஏதாவது இருந்தா கேளு அத்ராஸ்," என்றாள்.

"அந்த வில்லு..." என்று ஆரம்பித்தான். "அதையும் எடுத்துட்டுப் போறியா?"

ஓதேயா நாணைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "இன்னும் ஒண்ணு வேணும்," என்றாள். "என் வீட்டுக்குன்னு ஒண்ணும் எடுக்கலையே. அதோட திரும்பிடலாம்."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு கழியை உருவினான். இந்த நாக்கை அறுத்து மீனுக்குப் போட்டால்கூட மீன் தின்னாது என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

கடைசி மீன் வெயில் விழுகிற ஒரு திட்டில் கிடந்தது. புல்லில்லை, வேரில்லை, தண்ணீர் முழங்காலுக்கும் கீழே. காற்றுக் குடிக்க மேலே வந்து, குடித்துவிட்டு, அங்கேயே அசையாமல் நின்றது. அதன் முதுகுப் புள்ளிகளை எண்ணலாம் போல் இருந்தது. கண் மங்கின ஆள்கூட அடிக்கலாம். அத்ராஸ் படகைச் சாய்வாகத் திருப்பி, அவளுக்கு வசதியான தூரத்தில் நிறுத்தி, கழியை இரண்டு கையாலும் பிடித்து நின்றான்.

அவள் நாணை இழுத்தாள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த நினைப்பு வந்தது. செனோனின் புழுவும் கரண்டியும் எங்கிருந்தோ கண்முன்னால் வந்து நின்றன. படகு கொஞ்சம் ஆடினால் போதும். இடதுகால் பெருவிரலை அழுத்தினால் போதும். அம்பு தவறும், இரும்பு மண்ணில் படும், அம்பு விட்டது அவள் என்பதால் அடுத்த பெரிய வெள்ளி வரைக்கும் அவளால் இந்த ஊரை விட்டுப் போக முடியாது. திங்கட்கிழமை டிரக் வந்த வழியே காலியாகப் போகும். ஒரு வருஷம்! ஒரு வருஷத்தில் அவன் நாக்குக்கூட ஒருவேளை புரளலாம்.  விரல் தானாக அழுந்தப் பார்த்தது.

அவளுடைய கழுத்தைப் பார்த்தான். அந்த நரையைப் பார்த்தான். அவள் தன் முதுகை முழுக்க அவனிடம் கொடுத்துவிட்டு, பின்னால் அவன் இருக்கிறான் என்ற தைரியத்தில் நிற்கிறாள். அவளைக் களவாக நிறுத்திவைத்து என்ன கிடைக்கும்? போகட்டும். போனாலும் இந்த முதுகு அவனை நம்பி நின்றது என்பதாவது மிஞ்சும். கால்விரலைத் தளர்த்தினான். மூச்சை அடக்கினான். படகு தரையில் நட்ட கல் மாதிரி நின்றது.

நாண் அதிர்ந்தது.

மீன் வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டு ஓடியது. கயிறு ஓடவில்லை. அம்பு மீன் கிடந்த இடத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், செங்குத்தாக, சேற்றில் நின்றது. அதைச் சுற்றிச் சிவப்பாய்ச் செம்மண் கிளம்பி, தெளிந்த தண்ணீரில் பரவியது. ஊரில் பெரியவர்கள் சொன்னது சரிதான், பார்ப்பதற்கு ரத்தம் மாதிரியேதான் இருந்தது.

அவள் குறி தவறி அத்ராஸ் பார்த்ததே இல்லை.

ஓதேயா மெதுவாகக் கயிற்றைச் சுற்றினாள். அம்பு வந்தது. முனையிலும் கொக்கியிலும் சிவப்புச் சேறு அப்பியிருந்தது. எப்போதும் தண்ணீரில் அலசிவிட்டு வைக்கிறவள், அலசாமல், படகின் முன்பலகைமேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். அப்புறம் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஆட்டிட்டே," என்றாள்.

"நானா? நான் ஆட்டலை ஓதேயா. சத்தியமா ஆட்டலை. ஆட்டலாம்னு..." அவனுக்குப் பொய் வராது. "நெனச்சேன். ஆனா ஆட்டலை."

அவள் முகம் மாறியது. "நெனச்சியா?"

"நெனச்சேன்."

"நெனச்சும் ஆட்டலையா?"

"நீ அம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறப்போ எப்படி ஆட்டுவேன்?"

ஓதேயா உட்கார்ந்துவிட்டாள், மீன்களின் மேலேயே. உதட்டைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். சிரிக்கிறாளா அழப்போகிறாளா என்று தெரியவில்லை.

"நீ ஆட்டலைன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "என் காலுக்குத் தெரியாதா? ஆனா ஊருக்குப் போனதும் ஆட்டினேன்னு சொல்லு."

"என்னது?"

"வெர்னிஸ் காலைல உன்னைக் கேட்டா. நீ ரோட்டைப் பத்திக் கேட்டே. இங்க நானே கேட்டேன், நீ வில்லைப் பத்திக் கேட்டே. சரி, அதெல்லாம் உனக்கு வராது, விட்டுட்டேன். என்னால ஆனதை நான் பண்ணிட்டேன். நீ இந்த ஒண்ணை மட்டுமாவது வாயைத் திறந்து சொல்லு."

அத்ராஸ் கழியைப் பிடித்துக்கொண்டே நின்றான். தண்ணீரில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துகொண்டிருந்தது. அவனுக்கு முதலில் பாதி புரிந்தது. அப்புறம் முழுக்கப் புரிந்தது. அப்போதுதான் படகு லேசாக ஆடியது. 

"இப்ப ஆட்டறியா?" என்றாள் ஓதேயா. "கொஞ்சம் முன்னாடியே ஆட்டியிருந்தா எனக்குப் பாவம் வந்திருக்காது."

கரையில் தெருவே நின்றது. பெரிய வெள்ளி மீன் வருகிற நேரம் எல்லாருக்கும் தெரியும். பாத்திரத்தோடு ஒலித், கோடாலியோடு செனோன், குடையோடு சாமியார் வீட்டுச் சமையல்காரி. வெர்னிஸும் டால்ட்டனும் வீட்டுப் படிக்கட்டில் இருந்து இறங்கி வந்தார்கள். முதலில் பார்த்தவன் செனோன்தான்.

"அம்புல சேறு," என்றான். பிறகு கத்தினான். "அடேய், அம்புல செஞ்சேறு! இரும்பு மண்ணுல பட்டிருக்கு!"

 சமையல்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அம்மா?" என்றாள் வெர்னிஸ். "நீயா? நீயா தவறவிட்டே?"

ஓதேயா யாரையும் பார்க்காமல் வில்லிலிருந்து நாணைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எல்லார் கண்ணும் படகின் பின்பக்கம் திரும்பியது. அத்ராஸ் கழியோடு நிமிர்ந்து நின்றான். தொண்டையைச் செருமினான். ஒலித் பாத்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, இந்தப் பிறவியில் இல்லாத பொறுமையோடு தம்பியின் வாயையே பார்த்தாள்.

"நான்தான்," என்றான் அத்ராஸ். "நான்தான் ஆட்டிட்டேன்."

"நீயா?" என்றான் செனோன்.

"நானேதான். அவ நாணை இழுத்துப் பிடிச்சிருந்தப்போ ஆட்டினேன்." குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. ஒருதடவை திறந்த வாய் பிறகு மூடவில்லை. "தெரிஞ்சுதான் ஆட்டினேன். வெர்னிஸ், உங்கம்மா இங்க தனியா இல்லம்மா. காய்ச்சல்னாலும் தலைவலின்னாலும் நான் இருக்கேன். நீ பிள்ளை பெத்துக்க இங்க வந்துடு. அந்த ரோடு நல்ல ரோடுதான், டால்ட்டன் சொன்னான்."

வெர்னிஸ் வாய் பிளந்து நின்றாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு அம்பைப் பார்த்தாள், பிறகு அத்ராஸை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்பட நினைத்துத்தான் வாயைத் திறந்தாள் போலும், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தாள். டால்ட்டன் ஒன்றும் புரியாமல், "அப்ப திங்கட்கிழமை டிரக்கு?" என்று கேட்டான். 

செனோனுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை காலம் ஒற்றையாகச் சுமந்த பேருக்குத் துணை கிடைத்துவிட்டது. படகை இழுத்துக் கரையில் ஏற்றியபடி, "வாடா, தொட்டில்! இறங்கு, தொட்டில்!" என்று ஊர் கேட்கக் கூவினான். அந்தப் பேர் இனிச் சாகிறவரைக்கும் போகாது. கல்லறையிலும் எழுதிவிடுவார்கள். அத்ராஸ் அதைக் கேட்டுக்கொண்டே சேற்றில் கால் வைத்து இறங்கினான். தன்னிடமிருந்த ஒரே பெருமை போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் பாதம் தரையில் பாவவில்லை.

ஓதேயா படிக்கட்டு ஏறிக்கொண்டிருந்தாள். நடுப்படியில் நின்றாள்.

"கேட்டியா வெர்னிஸ்," என்றாள் திரும்பாமலே. "நான் குறி தவறலை."

சொல்லிவிட்டு, பெட்டிக்குள் போன வாணலிகளை வெளியே எடுக்க உள்ளே போனாள்.